பள்ளி விட்ட பிறகு: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஒரு நாளைக்கு ஆறு பீரியட். மாலையில் வீடு திரும்பும்போது குரல் கம்மிவிடுகிறது, வீட்டில் யாருடனும் பேச முடிவதில்லை. இரவில் உப்பு நீரில் கொப்பளிக்கிறேன். திங்கள், செவ்வாயில் காலைக்குள் சரியாகிவிடும். வியாழன் வந்தால் சரியாவதே இல்லை. (உயிரியல் ஆசிரியை)

பதில்: கொப்பளிக்கும் நீர், குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல்நாண் வரை போவதே இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆண்களுக்கு அது 100, 120 முறை. அந்தத் தேய்மானம் இரவில் ஆற வேண்டும். வியாழனன்று ஆறவில்லை என்றால், ஆறுவதற்கு முன்பே அடுத்த நாள் சுமை ஏறிவிடுகிறது என்று பொருள். எனவே சுமையைக் குறைப்பதுதான் முதல் வேலை.

குரல் அதிகம் வீணாவது இரைச்சலுக்கு மேல் பேசும்போதுதான். சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். மனதைக் கட்டுப்படுத்தி இதைத் தடுப்பது கடினம். அதனால் சத்தம் அடங்கும்வரை பேசத் தொடங்காதீர்கள். ஒரே இடத்தில் நின்று கையை உயர்த்துவது, மேசையை இரண்டு தட்டுத் தட்டுவது என ஏதாவது ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் இருங்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதையும் விடுங்கள். முகம் பலகையைப் பார்த்திருந்தால் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது, உடனே குரல் ஏறும். எழுதி முடித்துத் திரும்பிவிட்டுப் பேசுங்கள்.

வகுப்பு பெரியது என்றால் தலையில் மாட்டும் மைக்கும் சின்ன ஸ்பீக்கரும் வாங்குவது நல்ல முடிவு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் மூச்சுக்காற்று அடிக்கும், ஆகவே வாயோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்திருக்கிறது, அதை மாணவர்கள் பக்கம் திருப்பி மேசைமேல் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலே கடைசி வரிசைக்கு எட்டுகிறதா என்று பார்த்து ஒலி அளவை வையுங்கள்.

பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கப் பாருங்கள். பேருந்தில் போனில் பேசிக்கொண்டு வந்தால் அந்த ஓய்வு முழுக்கப் போய்விடும், வண்டி இரைச்சல் ஒரு வகுப்பறைக்குச் சமம். கிசுகிசுப்பதையும் ஓய்வு என்று நினைக்காதீர்கள். பலர் கிசுகிசுக்கும்போது தொண்டையை இன்னும் இறுக்குகிறார்கள். கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, உறிஞ்சுகுழாயை 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தில் வைத்து, அதன் வழியே ‘ஊ’ என்று ஒலி எழுப்புங்கள். குமிழி சீராக வரவேண்டும். பிறகு தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே போய்த் திரும்பி வாருங்கள். முதல் பீரியடுக்கு முன் 5 நிமிடம், கடைசி பீரியடுக்குப் பின் 5 நிமிடம். குழாய்க்குள் உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்கள் ஓங்கி மோதாமல் மென்மையாக அதிர வைக்கிறது. கழுத்து நரம்பு புடைத்தால் அழுத்திச் செய்கிறீர்கள், குழாயை 1 செ.மீ.க்கு உயர்த்துங்கள். குமிழி மட்டும் வந்து குரல் வராவிட்டால் பயனில்லை.

கரகரப்பு 4 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி இருந்தால் 4 வாரம் காத்திருக்க வேண்டாம். குரல்நாணில் முடிச்சு என்று சொன்னாலும் பயப்படாதீர்கள். பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே குறையும்.

கேள்வி: ஐந்து பிரிவு, 200 விடைத்தாள். இரண்டு ஞாயிறுகள் காணாமல் போகின்றன. வேகமாகத் திருத்தினால் தவறு வருகிறது. (வரலாற்று ஆசிரியர்)

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். தாளுக்கு 6 நிமிடம் என்றால் 20 மணி நேரம். 4 நிமிடமானால் 13 மணி 20 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிப்பது திருத்தும் வரிசையில்தான் இருக்கிறது.

ஒரு தாளை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். ஒரு பிரிவின் 40 தாளிலும் முதல் கேள்வியை மட்டும் திருத்துங்கள், பிறகு இரண்டாம் கேள்வி. விடைக்குறிப்பு மனதில் நின்றுவிடும், ஒவ்வொரு தாளுக்கும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நியாயமும் கூடும், முதல் விடை நன்றாக இருந்ததால் அடுத்த விடைக்கும் மனம் இளகுவது குறையும். அடுத்த கேள்விக்குப் போகும்போது கட்டைக் குலைத்து அடுக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் களைத்திருக்கும் நேரத்தில் எப்போதும் அதே பத்துப் பேரின் தாள்தான் கையில் இருக்கும்.

பெரிய விடைகளுக்கு முதல் 8, 10 தாளைப் பென்சிலில் திருத்துங்கள். மாணவர்கள் எதிர்பாராத விதத்தில் சரியாக எழுதியிருப்பது அப்போதுதான் தெரியும். அதற்கேற்ப விடைக்குறிப்பை மாற்றிய பிறகு பேனா எடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் முப்பதாவது தாளில் மனம் மாறி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். கூட்டலைத் திருத்தும்போதே போடாதீர்கள். எல்லாம் முடிந்தபின் ஒரே மூச்சில் போட்டு, மறுநாள் கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

ஒரே குறிப்பை 30 முறை எழுதுவதும் வேண்டாம். ‘கா’ என்றால் காரணம் இல்லை, ‘ஆ’ என்றால் ஆண்டு தவறு என்று ஐந்தாறு குறியீடுகளை வைத்துக்கொண்டு, பொருளைப் பலகையில் எழுதிப்போடுங்கள். மதிப்பெண் பதிவு தேவைப்படாத பயிற்சித்தாள்களில் எண்ணே போடாமல் குறிப்பு மட்டும் கொடுங்கள். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் தாளை மடித்து வைத்துவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்கும் பெற்றோர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காதே?

பதில்: ஒருமுறை இரவு பத்துக்குப் பதில் சொன்னால் அதுவே உங்கள் நேரம் ஆகிவிடும். ஆண்டின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு செய்தியை அனுப்பிக் குழுவின் மேலே பொருத்திவையுங்கள்: “வேலை நாட்களில் மாலை 5 முதல் 6 வரை பதில் சொல்வேன். அவசரம் என்றால் பள்ளி அலுவலக எண்ணை அழையுங்கள்.” பள்ளிக்கென்று தனி எண் வைத்தால் இரவில் அதை அணைத்துவிடலாம். மாணவர்களுடன் தனிப்பட்ட உரையாடல் வேண்டாம். இன்னோர் ஆசிரியரும் இருக்கும் குழுவில் மட்டும் பேசுங்கள், இது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

கேள்வி: நின்று நின்று மாலையில் கணுக்கால் வீங்குகிறது.

பதில்: கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் ரத்தம் மேலே ஏறும், அசையாமல் நிற்கும்போது அது தேங்குகிறது. வகுப்பில் நடந்துகொண்டே இருங்கள். முடியாதபோது குதிகாலை 15, 20 முறை உயர்த்தி இறக்குங்கள். 15–20 மி.மீ. பாதரச அழுத்தமுள்ள (உறையில் mmHg என்று இருக்கும்) காலுறையைக் காலையில் வீக்கம் வருமுன் போடவேண்டும், மாலையில் போட்டுப் பயனில்லை. நீரிழிவோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

கேள்வி: ஆசிரியர் வேலையோடு சொந்தமாக ஆராய்ச்சி, எழுத்து என்று எதையாவது உருப்படியாகச் செய்ய முடியுமா? எனக்கு 46 வயது. (கணித ஆசிரியர்)

பதில்: முடியும். ஹைட்ரஜன் வெளிவிடும் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளின் அலைநீளங்களை ஒரே சூத்திரத்தில் அடக்கிய யோஹான் பால்மர், பாசல் நகரில் பெண்கள் பள்ளிக் கணித ஆசிரியர். 1885இல் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 60ஐ ஒட்டி. ஹெர்மன் கிராஸ்மன் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே 1844இல் நேரியல் இயற்கணிதத்துக்கு அடிப்படை போட்டார். அதை அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் சமஸ்கிருதம் பக்கம் திரும்பி 1870களில் ரிக்வேதத்துக்கு ஓர் அகராதி செய்தார், அறிஞர்கள் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

உங்களுக்கு நடைமுறையில் சொல்வது இது. நாட்காட்டியில் தேர்வு வாரங்களையும் திருத்தும் வாரங்களையும் முதலில் அடித்துவிடுங்கள், அப்போது எதுவும் நகராது. மீதி வாரங்களில் இரண்டு நாள், 45 நிமிடம், வீட்டுக்குப் போகுமுன் நூலகத்திலோ காலியான வகுப்பறையிலோ உட்காருங்கள். வீட்டுக்குள் நுழைந்தபின் அந்த நேரம் பெரும்பாலும் கிடைக்காது. பெரிய விடுமுறையை நம்பித் தள்ளிப்போடாதீர்கள், அதன் முதல் வாரம் களைப்பிலேயே போகும். எழுந்திருக்கும்போது அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். இரண்டு வாரத் தேர்வுக்குப் பிறகு திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அந்த 45 நிமிடம் போகாமல் இருக்கும்.