டிவி தொடர்களில் வந்த பிரபலமான கார்களின் மாதிரிகளைச் சேர்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

எந்த வண்டி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எந்த அளவு என்று முடிவு செய்துவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. அதனால் காசிமேட்டில் எங்கள் வீட்டு ஷோகேஸில் யானையும் சுண்டெலியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

கணக்கு எளிது. மிஸ்டர் பீனின் மினி கார் நிஜத்தில் 3 மீட்டர் நீளம். 1:18 என்றால், அதாவது நிஜத்தில் பதினெட்டில் ஒரு பங்கு என்றால், 17 செ.மீ., 1:43 என்றால் 7 செ.மீ., 1:64 என்றால் தீப்பெட்டி அளவு. அட்டையில் ஒட்டி வரும் சின்ன கார்களை 1:64 என்று நம்பிவிடாதீர்கள். அட்டைக்குள் அடங்கும்படி செய்வதால், பெரிய வேனும் குட்டி காரும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வரும். சின்ன வீட்டுக்கு 1:43 போதும் என்பது என் கட்சி.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? டிவி கார் என்பது வெறும் கார் இல்லை, அதன் மேல் இருக்கும் அடையாளங்கள்தான் அது. 'நைட் ரைடர்' தொடரில் வரும் பேசும் கார் கிட், 1982 மாடல் பான்டியாக் ட்ரான்ஸ் ஆம். மூக்கில் ஓடும் சிவப்பு விளக்கு இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு கறுப்பு கார். 1966 'பேட்மேன்' தொடரின் பேட்மொபைல், லிங்கன் ஃப்யூச்சுரா என்ற 1955-ஆம் வருடத்துக் காட்சிக் காரை மாற்றிக் கட்டியது. 'டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' தொடரின் ஜெனரல் லீ என்ற காருக்குக் கதவில் 01, கூரையில் கான்ஃபெடரேட் கொடி, அதாவது அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் பிரிந்து நின்ற தென்மாநிலங்களின் கொடி. அந்தக் கொடி பற்றி அமெரிக்காவில் சர்ச்சை எழுந்ததும், 2015-இல் வார்னர் பிரதர்ஸ் கொடியோடு கூடிய பொம்மைகளுக்கு உரிமம் தருவதை நிறுத்தியது. கூரையில் கொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு மினியால்தான். பல வருடம் முன்னால் ராயபுரத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜார் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கடையில், பீனின் வண்டி போலவே எலுமிச்சைப் பச்சை உடம்பும் கறுப்பு பானெட்டுமாக ஒரு மினி. பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் பானெட்டின் கறுப்பு ஓரத்தில் வழிந்திருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன், உள்ளே சிவப்பு. எவனோ ஒரு சாதா சிவப்பு மினிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறான். முக்கியமாக, டிரைவர் கதவில் பூட்டு இல்லை. பீன் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டு மாட்டி, ஸ்டியரிங்கையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவாரே, அந்தப் பூட்டு!

மறுநாள் போய்க் கேட்டேன். கடைக்காரர் அசரவே இல்லை. "இத்தனூண்டு வண்டிய எவன் சார் திருடப் போறான்? பூட்டு கேக்குறீங்களே!" பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். பார்க்காமல் வாங்கியது என் தப்புதானே.

முதல் வண்டியாக நான் சொல்வதும் அந்த மினிதான், ஒழுங்கான 1:43. கூடுதலாக ஒன்று: முதல் எபிசோடில் வந்த மினி ஆரஞ்சு நிறம். அது அந்த எபிசோடின் கடைசியிலேயே நொறுங்கிவிடும், பச்சை வந்தது அப்புறம்தான். அதனால் ஆரஞ்சைப் பார்த்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கடல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பு துத்தநாகக் கலவை, துரு ஏறாது. ஆனால் சக்கரத்தைக் கோத்திருக்கும் கம்பி இரும்பாக இருந்தால் உப்புக்காற்று விடாது. எனக்கு நாலு வண்டி அப்படிப் போச்சு. செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் ஷோகேஸுக்குள் வையுங்கள். காலை வெயில் நேரே படும் இடம் வேண்டாம், ஸ்டிக்கர் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் மேடையில் வருடக்கணக்காக நிறுத்தினால் டயர் இளகி ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு துண்டு பட்டர் பேப்பர் போதும்.

அந்தப் போலி மினி இன்னும் இருக்கிறது. என் மகள் பேனாவால் அதன் கதவில் ஒரு பூட்டு வரைந்து வைத்திருக்கிறாள். லண்டன் வண்டிக்கு வலப்பக்கம் போட வேண்டியதை இடப்பக்கம் போட்டுவிட்டாள்.