பனிக்காலையில் எரிந்து வெயிலில் அணையும் விளக்கு: வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் வைத்திருப்பது பத்து வருடப் பழைய கார். பனி மூடிய காலைகளில் ஸ்டார்ட் செய்தவுடன் ஏபிஎஸ் (சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு) விளக்கும் சறுக்கல் கட்டுப்பாட்டு விளக்கும் சேர்ந்து எரிகின்றன. வெயில் ஏறிய பின் மீண்டும் ஸ்டார்ட் செய்தால் எரிவதில்லை. கராஜில் ஸ்கேன் செய்தபோது பிரேக் அழுத்த சென்சரின் மின்சுற்றில் பிழை என்று கோட் வந்ததால், சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால்தான் சென்சர் தடுமாறுகிறது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? இந்த நிலையில் றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கலாமா?
— வாசகர், நுவரெலியா

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கலாம். உங்களுடையது ஹைபிரிட் அல்லாத கார் என்றால், இந்த சென்சரின் மின்சுற்றில் பழுது இருந்தாலும் மிதியிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் ஒயிலின் அழுத்தம் அப்படியே இருக்கும், கார் நிற்கும். ஆனால் விளக்கு எரியும் வரை ஏபிஎஸ்ஸும் சறுக்கல் கட்டுப்பாடும் உதவிக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏற்றத்தில் கிளம்பும்போது காரைப் பின்னுக்கு உருளவிடாமல் பிடித்துக்கொள்ளும் வசதியும் அப்படியே. ஈரமான றம்பொடை வளைவுகளில் இவையின்றி இறங்குவதை நான் விரும்பமாட்டேன். தவிர்க்க முடியாத பயணம் என்றால், சாலை காய்ந்த பின் தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குங்கள். டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ, மிதி வழக்கத்தைவிடத் தாழ்ந்தாலோ காரை நகர்த்தவே வேண்டாம். ஹைபிரிட் கார்கள் பலவற்றில் பிரேக் அழுத்தத்தைக் கணினியே சென்சர்களைப் பார்த்து உருவாக்குவதால், அவற்றில் இந்த விளக்குகள் எரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

உயரம் காரணமல்ல. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 0.2 பார் குறைவு. பிரேக்கைப் பலமாக மிதிக்கும்போது குழாய்களுக்குள் உருவாகும் அழுத்தமோ 100 பாரையும் தாண்டக்கூடியது. அதை அளக்கும் சென்சருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. நண்பகலிலும் கார் அதே உயரத்தில்தான் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

காலையில் வந்து வெயிலில் மறையும் பழுது, பெரும்பாலும் ஈரத்தின் வேலை. கோட் சுட்டிக்காட்டுவது ஒரு மின்சுற்றை. அந்தச் சுற்றில் சென்சரும் இருக்கிறது, வயர்களும் கனெக்டரும் ஏர்த் இணைப்பும் இருக்கின்றன. இவற்றை அளந்து பார்க்காமல் சென்சரை வாங்குவது ஊகத்துக்குப் பணம் கொடுப்பதாகும். மின்னழுத்தமாக சிக்னல் தரும் வகை சென்சருக்கு வழக்கமாக மூன்று வயர்கள்: 5 வோல்ட் சப்ளை, ஏர்த், சிக்னல். மிதியைத் தொடாதபோது சிக்னல் வயரில் ஏறத்தாழ 0.5 வோல்ட் இருக்கும். மிதிக்க மிதிக்கத் தடங்கலின்றி ஏற வேண்டும். கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்புறமாக மல்டிமீட்டரின் ஊசியைச் செலுத்தி, சப்ளையில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்கட்டும். வராவிட்டால், சாவியை அணைத்து கனெக்டரைக் கழற்றி, மீண்டும் சாவியைத் திருப்பி அளக்க வேண்டும்: 5 வோல்ட் திரும்பி வந்தால் சென்சரே உள்ளே ஷோர்ட் ஆகியிருக்கிறது, வராவிட்டால் வயரையோ, அதே சப்ளையைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு சென்சரையோ சந்தேகிக்க வேண்டும். சுற்று இயங்கும்போது ஏர்த் வயருக்கும் பெற்றரியின் மறை (−) முனைக்கும் இடையே 0.1 வோல்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் இணைப்பு சரியில்லை.

இந்த அளவுகளை விளக்கு எரியும் நேரத்தில் எடுக்க வேண்டும் என்பதே நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. நண்பகலில் கொண்டுபோய்க் காட்டினால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். முதல் நாள் மாலையே காரை கராஜில் விட்டு, இரவு முழுவதும் வெளியில் நிறுத்தி, விடியற்காலையில் அளக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், கனெக்டரின் மேல் சிறிது தண்ணீரைத் தூவி, ஸ்கேனரில் அழுத்த அளவைப் பார்த்தபடியே வயர்களை மெதுவாக அசைக்கலாம். அளவு துள்ளும் இடத்தில்தான் பழுது. கனெக்டரைக் கழற்றும்போது உலோகப் பின்களில் பச்சைப் பூப்பு தெரிந்தால் ஈரம் உள்ளே போய்வருகிறது என்று பொருள். சுத்தம் செய்து, தேய்ந்த பின்னையும் ரப்பர் சீலையும் மாற்றினால் போதும். அங்கே பிரேக் ஒயில் கசிந்திருந்தால் மட்டும் வேறு யோசனை வேண்டாம், சென்சரை உடனே மாற்றுங்கள்.

பிரேக் விளக்கின் சுவிட்சையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்காதபோதும் சுவிட்ச் மிதித்ததாகச் சொன்னால், சுவிட்சும் சென்சரும் சொல்வது பொருந்தவில்லை என்று கணினி சென்சரின் பெயரில் கோட் பதியக்கூடும். பனிக்காலத்தில் பலவீனமான பெற்றரியும் ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தத்தை வீழ்த்தி இத்தகைய கோட்களைக் கிளப்பும்; அப்போது மின்னழுத்தக் குறைவுக்கான கோட்டும் கூடவே இருக்கிறதா என்று கேளுங்கள்.

சில கார்களில் இந்த சென்சர் ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே இருப்பதால் தனியாக அளக்க முடியாது. யூனிட்டின் சப்ளையையும் ஏர்த்தையும் அளந்து, ஸ்கேனரில் அழுத்த அளவைப் பார்த்த பிறகே அதை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். எதை மாற்றினாலும், பிரேக் ஒயில் குழாய் திறக்கப்பட்டிருந்தால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பல கார்களில் மிதியைத் தொடாத நிலையில் சென்சரின் பூச்சியப் புள்ளியை ஸ்கேனர் மூலம் மீண்டும் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் காரைத் தந்தால், புதிய சென்சருடனும் அதே விளக்கு மறுபடி எரியக்கூடும்.