வலிக்காத மார்பகக் கட்டி, பைராட்ஸ் எண், ஊசி பயம்: வாசகர் கேள்விகளுக்கு அறுவை சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, மூன்று மாதமாக இருக்கிறது. வலி இல்லை. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பதில்: விடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மாதவிலக்குக்கு முன் இரண்டு மார்பும் கனத்து வலிப்பதற்குத்தான் பலர் பதறி ஓடி வருகிறார்கள். அது பொதுவாக ஹார்மோன் செய்யும் வேலை.

இந்த வாரமே ஒரு பொது அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். முதலில் கையால் பரிசோதிப்பார், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார். உங்கள் வயதுக்கு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுப்பார்கள். தேவைப்பட்டால் அப்புறம் ஊசிப் பரிசோதனை. மேமோகிராம் நார்மல் என்று வந்தாலும், கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் அதோடு நிறுத்தக்கூடாது. அடர்த்தியான மார்பகத்தில் கட்டி படத்தில் தெரியாமல் போவதுண்டு. காம்பு புதிதாக உள்ளே இழுத்திருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, தோல் குழி விழுந்திருந்தாலோ அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் உங்களுடையது எது என்பதைத் தொட்டுப் பார்த்து வீட்டில் யாரும் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: வயது 24. கட்டியைத் தள்ளினால் நழுவி ஓடுகிறது. அடுத்த மாதம் கல்யாணம் பேசுகிறார்கள். வெளியே தெரிந்தால்?

பதில்: நீங்கள் சொல்வது ஃபைப்ரோஅடினோமா போல இருக்கிறது. இளவயதில் சகஜம், புற்றுநோய் இல்லை. ஆனாலும் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்து உறுதி செய்யுங்கள். சிறியதாக, வளராமல் இருந்தால் பல நேரம் எடுக்கவே தேவையில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லி அழைத்துக்கொண்டு போங்கள், போதும். ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஸ்கேன் அறிக்கையில் "பைராட்ஸ் 3" என்று இருக்கிறது. மூன்றாம் கட்டப் புற்றுநோயா?

பதில்: இல்லவே இல்லை! அறிக்கையைக் கொடுப்பவர்கள் இதை ஒரு வரியில் விளக்கிவிட்டால் எத்தனையோ பேர் அன்று இரவு தூங்குவார்கள். பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்து ரேடியாலஜி மருத்துவர் போடும் சந்தேக அளவு, 0 முதல் 6 வரை. 3 என்றால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். 4 அல்லது 5 என்றால் பயாப்ஸி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது, செய்தாக வேண்டும். 0 வந்தால் இன்னும் படம் எடுக்க வேண்டும் என்று அர்த்தம், நிம்மதி என்று அல்ல.

கேள்வி: ஊசி குத்தினால் கட்டியைக் கிளறிவிட்டது போலாகி நோய் பரவும் என்கிறார் மாமியார். ஒரேயடியாக வெட்டி எடுத்துவிடலாமா?

பதில்: ஊசிப் பரிசோதனையால் நோய் பரவி ஆபத்தாகும் என்பது வெறும் பயம். மரத்துப்போகும் மருந்து போட்டு, ஊசி வழியாகத் துளி சதை எடுப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ஆபத்து நீங்கள் கேட்கும் இரண்டாவது வழியில்தான். என்ன கட்டி என்று தெரியாமல் வெட்டிவிட்டு, பிறகு புற்றுநோய் என்று அறிக்கை வந்தால் மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும். சிலருக்கு முதலில் கீமோ (புற்றுநோய்க்கான மருந்து) கொடுத்துக் கட்டியைச் சுருக்கினால் மார்பையே காப்பாற்ற முடியும். அந்த வாய்ப்பும் கைநழுவும். மாமியாரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம். மார்பில் கட்டியும் காய்ச்சலும்.

பதில்: பால் கட்டிக் கிருமி சேர்ந்திருக்கலாம். உடனே காட்டுங்கள், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். மருந்துக்குப் பிறகும் கட்டி கரையாவிட்டால் ஸ்கேன் அவசியம். தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது, காம்புக்குப் பின்னால் கெட்டியாக ஒரு கட்டி. ஆண்களுக்கும் வருமா?

பதில்: வரும், அரிதாக. பரிசோதனைகள் அதேதான். அழைத்துப் போங்கள்.