சிரித்த முகத்துக்கு இந்தக் குழுவில் இடம் உண்டா?

கேள்வி: தீயணைப்பு, மீட்புக் குழு ஒன்றின் தலைவன் நான். என்னோடு 14 பேர். சென்ற ஆண்டு ஒரு கட்டட இடிபாட்டில் எங்களில் ஒருவரைப் பறிகொடுத்தோம். இப்போது எங்களுக்கென்று ஒரு மனநல ஆலோசகரை நியமித்திருக்கிறார்கள். படிப்பு முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எப்போதும் சிரித்த முகம், கலகலப்பான பேச்சு. "திருவிழாவுக்கு வந்த மாதிரி வருது இந்தப் பொண்ணு. நாம பார்த்ததையெல்லாம் இதுகிட்ட எப்படிச் சொல்றது?" என்று மூத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். வேறு ஆளைக் கேட்கட்டுமா, பொறுத்துப் பார்க்கட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் மூத்தவர்களின் முணுமுணுப்பை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்று அவர்கள் சொல்லவில்லை. 'இவரிடம் எப்படிச் சொல்வது' என்கிறார்கள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். எதிரே நிற்பவரைக் காப்பது இந்த வேலையில் ஊறிப்போன குணம். மலர்ந்த முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, கருகிய வாடையைப் பற்றியோ, இடிபாட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த குரல் நின்றுபோன நொடியைப் பற்றியோ பேச நா எழாது. "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று எழுந்து போய்விடுவார்கள். பதிவேட்டில் அத்தனை பேரும் நலமாக இருப்பார்கள், தூங்காமல்.

ஆகவே அவருடைய வயதைவிட இதுதான் எனக்குக் கவலை தருகிறது. இருந்தும், ஆளை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள் என்பதே என் பதில். ஒரு நிபந்தனை உண்டு. அவருக்கு மேலே அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை அளித்துப் பழகியவராக, வாரம் ஒரு மணி நேரமாவது இவரோடு உட்கார்ந்து பேசுபவராக அவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் நிர்வாகத்திடம் முதலில் அவரைத்தான் கேளுங்கள். வரும்வரை தனி அமர்வுகளைத் தொடங்க வேண்டாம்.

ஆண்டுகள் கூடுவதால் மட்டும் ஆலோசகரின் திறமை கூடிவிடுவதில்லை. நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே உருவாகும் நம்பிக்கைக்குத்தான் பலனோடு அதிகத் தொடர்பு. கலகலப்பும் வீண்போகிற சரக்கு அல்ல. துருவப் பயணக் குழுத் தலைவர் ஷாக்கிள்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் 1915இல் அண்டார்க்டிகப் பனியில் நசுங்கியபோது, ஆளுக்கு 2 பவுண்டு சொந்தப் பொருளுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று கட்டளை. ஆனால் வானிலையாளர் ஹஸ்ஸியின் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை, அது 12 பவுண்டு கனம் இருந்தும், மனத்துக்கு மருந்து என்று சொல்லிக் கூடவே எடுத்துவர வைத்தார் ஷாக்கிள்டன். எலிஃபன்ட் தீவில் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கடியில் 22 பேர் நான்கு மாதங்களுக்கு மேல் காத்துக் கிடந்தபோது அந்தப் பாஞ்சோ ஒலித்தது. 1916 ஆகஸ்ட் 30 அன்று அத்தனை பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஹஸ்ஸி அவர்களோடு அதே சீல் இறைச்சியைத் தின்று, அதே ஈரத்தில் படுத்தவர். உங்கள் ஆலோசகர் வெளியிலிருந்து வருகிறார். அந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை.

முதல் ஆறு வாரம் அவருக்கு அறையும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரட்டும். காலையில் கருவிகளைச் சரிபார்க்கும்போது கூட நிற்கட்டும். பயிற்சிக் கூடத்தில், உரிய பாதுகாப்போடு, ஒரு முறையாவது சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு இருட்டில் தவழ்ந்து பார்க்கட்டும். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 1800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம் வர வேண்டும். ஆளைத் தூக்கிக்கொண்டு, பதறி மூச்சு வாங்கினால் அதில் பாதிகூட வராது. அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கியதும், காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் அலறத் தொடங்கும். அந்தச் சத்தத்தை முகமூடிக்குள்ளிருந்து கேட்டவரிடம், "விசில் அடிச்ச பிறகும் அவன் திரும்பலை" என்று ஒருவர் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. அந்த வாக்கியத்துக்குப் பின் வரும் மௌனத்தையும் அவர் கலைக்க மாட்டார்.

மௌனத்தைக் கலைப்பதுதான் அனுபவமில்லாத கலகலப்பு செய்யும் பெரிய தப்பு. "காலம் எல்லாத்தையும் ஆத்திடும்", "நீங்களாவது பிழைச்சீங்களே" என்ற பேச்செல்லாம் ஆறுதல் போலத் தோன்றினாலும், கேட்பவர் காதில் 'இதோடு நிறுத்து' என்றுதான் விழும். உயிரோடிருப்பதே குற்றமாக உறுத்துகிறவரிடம் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வது புண்ணில் விரலை வைப்பது. இவற்றை வெளிப்படையாக, அன்போடு, முதல் வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள். குழுவுக்குள் ஓடும் கறுப்பு நகைச்சுவையைப் பற்றியும் சொல்லுங்கள். அதில் அவர் கலந்துகொள்ளவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம்.

அடுத்தது, ஒரு கோரச் சம்பவத்துக்குப் பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்பது. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடந்ததை விவரிக்கச் சொல்லும் அமர்வு 1980களில் பரவலானது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் அந்த ஒற்றை அமர்வு பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதாகச் சோதனைகளில் தெரியவில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. புதிதாக வந்தவர் ஆர்வத்தில் முதலில் கையிலெடுப்பது பெரும்பாலும் இதைத்தான். அனுமதிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்றே சொற்கள்: பார், கேள் (காதுகொடுத்து), இணை (உதவியோடு). முதல் சில மணி நேரத்துக்குத் தண்ணீர், சாப்பாடு, உலர்ந்த உடை, வீட்டுக்கு ஒரு போன் போதும். பேச நினைப்பவர் பேசட்டும். மற்றவரைக் கிளற வேண்டாம்.

மூன்று நாள் கழித்து ஒவ்வொருவரோடும் தனியாக 15, 20 நிமிடம். தூக்கம் எப்படி, கனவு வருகிறதா, எரிச்சல் கூடியிருக்கிறதா, குடி கூடியிருக்கிறதா, அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்க்கிறாரா என்று கேட்க வேண்டும். ஒரு மாதம் ஆனதும் அதே கேள்விகள் மறுபடி. பெரும்பாலோருக்கு இதற்குள் தானாகவே தணிந்துவிடும். தணியாதவரை இவரே வைத்துக்கொள்ளக் கூடாது. அதிர்ச்சிக்கான சிகிச்சையில் தேர்ந்த நிபுணரிடம் அனுப்ப வேண்டும். தான் சாவதைப் பற்றிப் பேசுகிறவரை அன்றைக்கே அனுப்ப வேண்டும், தனியே விடாமல்.

குழுவிலிருந்தே இரண்டு, மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து இந்தக் கேள்விகளைக் கேட்கப் பயிற்சி கொடுங்கள். உங்கள் முணுமுணுக்கும் மூத்தவர்களில் ஒருவர் அதில் இருந்தால் மிக நல்லது.

ரகசியம் காப்பதை எழுத்தில் போட்டு, சுவரில் ஒட்டுங்கள். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தாலொழிய, சொன்னது வெளியே போகாது என்று அதில் இருக்கட்டும். பணிக்குத் தகுதியா என்று சான்று கொடுப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால், 30 ஆண்டு அனுபவசாலியே வந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: யார் என்ன பேசினார் என்று அவரிடம் சாடையாகக்கூடக் கேட்காதீர்கள்.

அவரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்ட காட்சிகள் கேட்டவர் கனவிலும் வரும். கனமான அமர்வுகள் ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். குழுவில் மரணம் நேர்ந்தால் அன்றைக்கே மேற்பார்வையாளர் அவரோடு பேச வேண்டும். அவருடைய சிரிப்பு திடீரெனக் குறைந்தாலோ, முன்னைவிடச் சத்தமாகக் கூடினாலோ கவனியுங்கள்.

மூன்று மாதம் கழித்து மதிப்பிடுங்கள். யாராவது தானாக அவரைத் தேடிப் போகிறார்களா? 'இது என் கைக்கு மீறியது' என்று ஒருமுறையாவது யாரையாவது நிபுணரிடம் அனுப்பியிருக்கிறாரா, அல்லது மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாரா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால் அப்போது வேறு ஆளைக் கேளுங்கள், தயங்காமல். அதற்குமுன் இன்னொன்று: அவரிடம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, சென்ற ஆண்டு இழந்த சகாவைப் பற்றி நீங்களே பேசுங்கள். தலைவர் அந்த அறையிலிருந்து வெளியே வருவதை 14 பேரும் பார்ப்பார்கள்.