கொட்டில் ஓரத்தில் வெடித்த செம்பு

கேள்வி: அம்மம்மாவின் பித்தளைச் செம்புகள் மூன்றை மாட்டுக்கொட்டிலோடு ஒட்டிய பின்னறையில் பெட்டிக்குள் வைத்திருந்தோம். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் இரண்டின் கழுத்திலும் தலைமயிர் போல வெடிப்பு. ஒருவரும் கீழே போடவில்லை. கூடவே கிடந்த குத்துவிளக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன்? மற்றச் செம்பைக் காப்பாற்றலாமா?
வாசகி, சாவகச்சேரி

பதில்: மாட்டு மூத்திரத்தில் இருந்து கிளம்பும் அமோனியாவும் மாரி ஈரமும் சேர்ந்து செய்த வேலை இது. செம்பைத் தகட்டில் இருந்து அடித்து இழுத்துத்தான் எடுப்பார்கள். அந்த இறுக்கம் உலோகத்துக்குள்ளேயே நிற்கும், கழுத்து வளைவில் கூடுதலாக. அமோனியா அரித்துத் தொடங்கிவைக்க, இறுக்கம் அதைப் பிளந்துகொண்டு போகும். விளக்கு வார்ப்பு என்பதால் தப்பிவிட்டது.

பழைய வியாதிதான். பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளை ரவைக் கோதுகள் (செப்பு 70, நாகம் என்ற துத்தநாகம் 30 பங்கு) குதிரை லாயங்களின் அருகே வைத்த இடத்தில் மழைக்காலத்தில் இப்படியே வெடித்தன. காரணம் 1921இல்தான் தெளிவானது.

மிஞ்சிய செம்பைப் பேக்கரிப் போறணையில் சுமார் 260 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் வைத்து, தானாக ஆறவிட்டால் இறுக்கம் தளரும். ஈயப்பற்று வைத்த பாத்திரமென்றால் வேண்டாம், பற்று உருகிக் கழன்றுவிடும். விறகு நெருப்பில் சிவக்கக் காய்ச்சவும் கூடாது. பித்தளை மென்மையாகி, எளிதில் நெளியும்.

பழப்புளியும் உப்பும் பூசி இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவிவிடுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் நாகம் கரைந்து இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும், அதை எந்தச் சாம்பலும் மாற்றாது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் பக்கத்திலும் வரக்கூடாது. நன்றாக வெயிலில் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி, கொட்டிலுக்கும் கோழிக்கூட்டுக்கும் எட்ட வையுங்கள்.

கேள்வி: தோட்டம் கொத்தும்போது பித்தளை ரவைக் கோதுகள் சில வந்தன. மினுக்கிப் பூச்சாடி செய்யலாமா?
வாசகர், பளை

பதில்: வேண்டாம். அடியில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இருந்தாலும் அது வெடித்து முடிந்ததென்று சொல்ல முடியாது. குத்தியும் வெடிக்காதவை உண்டு. சூடாக்குவது, தட்டுவது, உரசுவது எதுவும் ஆகாது, பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதும் அப்படியே. ஒன்று கிடந்த மண்ணில் வெடிக்காத வேறு பொருளும் இருக்கலாம். வந்த தடத்திலேயே திரும்பிப் போய், இடத்தைத் தூர நின்று அடையாளப்படுத்தி, பொலிசின் 119க்கு அறிவியுங்கள். கொத்து அதுவரை நிற்கட்டும்.