பெங்களூருவிலிருந்து ஒகேனக்கல், ஒரே நாளில்: கேட்டவர்களுக்குப் பதில்

பெங்களூருவிலிருந்து காலையில் ஆட்களை ஒகேனக்கலுக்குக் கூட்டிப்போய் ராத்திரி திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜூலையில் வரலாமா? தர்மபுரியில் மழையே இல்லையாமே?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அருவியில் விழுவது தர்மபுரி மழை இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்குப் பருவமழை கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளை நிரப்பி, திறந்துவிடப்பட்டு, இங்கே வருகிறது. 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் பரிசலும் இல்லை, குளியலும் இல்லை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீரை அளக்கிறார்கள், அந்த எண் தினமும் செய்தியில் வரும். கிளம்புகிற அன்று காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு முறை பளீரென்று வெயில். காலையில் கணுக்கால் வரை தண்ணீர் ஓடிய பாறையில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கொஞ்சம் கலங்கியது, காய்ந்த இலையும் நுரையும் மிதந்து வந்தன. எல்லோரையும் எழுப்பி மேலே ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறை கண்ணுக்கே தெரியவில்லை. இலையும் நுரையும் வந்தால் செருப்பைக்கூடத் தேடாதீர்கள், ஏறிவிடுங்கள்.

எந்த வழி நல்லது?

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழி தூரம் குறைவு, அழகும் அதிகம். ஆனால் காட்டுச் சாலை, யானை கடக்கும். இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும். திரும்பும்போது நான் பென்னாகரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாகத்தான் வருவேன்.

ஆகஸ்டில் தண்ணீர் இருக்குமா, சார்?

முதல் பதிலைப் பாருங்கள்.

பரிசல் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? அம்மாவுக்குத் தலை சுற்றுமா?

பரிசல் வட்டமாக இருப்பதால் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. பரிசல்காரர் துடுப்பை முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுக்கிறார், அதில்தான் நகர்கிறது. சும்மா விளையாட்டுக்கும் சுற்றிக் காட்டுவார்கள். அம்மா இருக்கிறார் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் சுற்ற மாட்டார்கள். லைஃப் ஜாக்கெட்டின் வார் எல்லாவற்றையும் மாட்டுங்கள். படம் எடுக்க எழுந்து நிற்கவே கூடாது.

ஒகேனக்கல் கன்னடப் பெயர்தானே? ஒருவர் தமிழ் என்று சண்டை போடுகிறார்.

எனக்குப் பிடித்த சண்டை இது. கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. சாரல் புகைபோல எழுவதால் புகையும் கல். பெயரின் வடிவம் கன்னடம், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த ‘ஹொகெ’ யார்? நம் ‘புகை’யின் உடன்பிறப்பு. பழங்கன்னடத்தில் சொல் முதலில் இருந்த ப, பிற்காலத்தில் ஹ ஆனது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி.

அப்படியானால் தமிழிலிருந்து போனது என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

இல்லை. அக்காளும் தங்கையும் ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள், ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி வரவில்லை.

‘கல்’ தமிழ்ச்சொல் ஆயிற்றே?

கன்னடத்திலும் ‘கல்லு’ உண்டு. இரண்டு வீட்டுச் சொத்து. என் பேருந்தில் பெங்களூருவின் இரண்டு மொழிக்காரர்களும் ஏறுகிறார்கள். ஒகேனக்கல் வருவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும், இறங்கும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் எண்ணெய்க் குளியலுக்குப் போகிறார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் போனால் படம் நன்றாக வருமாமே?

கூடாது. அங்கே பாசி கண்ணாடிபோல வழுக்கும். தொங்குபாலத்தில் நின்று எடுங்கள், அருவி முழுசாகத் தெரியும்.

செப்டம்பரில் தண்ணீர்?

பிலிகுண்டுலு நீரளவைப் பாருங்கள். அக்டோபருக்கும் அதேதான்.

குழந்தைக்கு ஐந்து வயது, அருவியில் நிற்க வைக்கலாமா?

மெயின் அருவிக்கு நேர் கீழே வேண்டாம், அடி பலமாக விழும். ஓரமாகச் சாரல் படும் இடத்தில், உங்கள் கை குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கட்டும். விரலைப் பிடித்தால் நழுவிவிடும்.