மாமா பார்த்த 21

அன்புள்ள ஐயா,

மழை அளவு, வெப்பநிலை போன்ற தரவுகளை, அளவுக்கேற்ப நிறம் தீட்டிய ஹீட்மேப்பாக வரைந்து தரும் ஒரு கருவியை பைத்தான் நிரல்மொழியில் எழுதினேன். எட்டு மாத உழைப்பு. நான் தினமும் பயன்படுத்தும், யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டத்துக்கு அதை அனுப்பினேன். ஐந்து வாரம் பதிலே இல்லை. பிறகு வந்ததில் நன்றி ஒரு வரி, குறை பத்து வரி. நாலாயிரம் வரி நிரலை ஒரே பிஆரில் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்) படிக்க முடியாது, பிரித்து அனுப்புங்கள், நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் இல்லை, வானவில் நிறங்களை எடுத்துவிடுங்கள். நிறம்கூடவா இவர்கள் இஷ்டம்? இந்தியப் பெயரைப் பார்த்ததும் வந்த அலட்சியமோ என்றும் தோன்றுகிறது. ஜான் ஹன்ட்டர் அனுப்பிய பேட்சை, அதாவது திருத்தத்தை, பார்க்க நேரமில்லை என்று சொன்னதால்தானே பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் பிறந்தது? நானும் அந்தத் திட்டத்தை நகலெடுத்து, ஃபோர்க் செய்துகொண்டு தனியாகப் போய்விடலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

வேறொரு நாளில் வந்திருந்தால் உங்கள் கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். போன வாரம் என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு மழை வரைபடத்தை அனுப்பி, "அண்ணே, இதுல நம்ம ஊரு பச்சையா, சிவப்பா?" என்று கேட்டான். நாற்பத்தாறு வயதுக்காரன். நன்றாகப் படித்தவன். அதிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சில்லறைகளை முதலில் முடித்துவிடுவோம். ஐந்து வாரமெல்லாம் ஒரு தாமதமா? அந்தப் பக்கம் இருப்பவர் அநேகமாக ஆபீஸ் வேலை முடிந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உங்கள் நிரலைத் திறக்கிறவர். நாலாயிரம் வரியைப் பிரிக்கச் சொன்னால் பிரியுங்கள். டெஸ்ட் எழுதுங்கள். இதற்கெல்லாம் எனக்குக் கடிதம் வேண்டாம். பெயர் விஷயமும் அப்படித்தான். அலட்சியம் செய்கிறவன் பத்து வரி குறை எழுத மாட்டான், மூடிவிட்டுப் போய்விடுவான்.

ஹன்ட்டர் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவர் மூளை நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பது அவர் வேலை. பைத்தானை வரி வரியாக ஓட்டிப் பார்க்க உதவும் ஐபைத்தானுக்குள்ளிருந்தே படம் வரைய 2002-இல் ஒரு பேட்ச் எழுதி, அதை உருவாக்கிய ஃபெர்னாண்டோ பெரெஸுக்கு அனுப்பினார். பெரெஸ் அப்போது முனைவர் பட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தார், சில மாதங்களுக்கு இதைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஹன்ட்டர் தனியாகத் தொடங்கினார். 2003-இல் மேட்பிளாட்லிப் வெளிவந்தது. சரி, இதுவரை உங்களுக்குத் தெரியும். அப்புறம்? இருவரும் முறைத்துக்கொண்டு திரியவில்லை. ஐபைத்தானும் மேட்பிளாட்லிப்பும் சேர்ந்து ஓடுவதற்கென்றே வசதி செய்துகொண்டார்கள், கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். 2012-இல், 44 வயதில், புற்றுநோயில் ஹன்ட்டர் போகும்வரை அந்தக் கருவியைக் கட்டிக் காத்தார். கோபித்துக்கொண்டு போனவர் கதை இல்லை இது.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். "நிறம்கூடவா" என்று கேட்டீர்களே, அந்த "கூடவா" எனக்குச் சுருக்கென்று தைத்தது.

என் தாய்மாமா இளவயதில் ஒரு அரசு வேலைக்குப் போனார். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். மருத்துவப் பரிசோதனையில், நிறம் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று சோதிக்க, புள்ளி புள்ளியாக அச்சடித்த இஷிஹாரா புத்தகத்தைக் காட்டினார்கள். அதில் ஒரு பக்கத்தில் எல்லோருக்கும் 74 தெரியும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு 21 என்று தெரியும். மாமா "இருபத்தொண்ணு!" என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வெளியே வந்து டீ வாங்கிக் குடித்தாராம். வேலை இல்லை என்ற தகவல் பிறகுதான் வந்தது. தன் கண்ணில் இப்படி ஒன்று இருப்பதே அன்றுவரை அவருக்குத் தெரியாது.

பிற்பாடு வாழைக்காய் மண்டி வைத்தார். தாரின் நிறத்தை நம்ப மாட்டார். கட்டைவிரலால் காயை அழுத்துவார், முகர்ந்து பார்ப்பார். ஊரில் அதைத் தொழில் நுணுக்கம் என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். இந்தக் குறை தாய் வழியாகத்தான் மகன்களுக்கு வரும். தாயிடம் அது ஒளிந்திருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் வீட்டில் நான் தப்பினேன், தம்பி மாட்டினான். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு இது உண்டு. உங்கள் கருவியைப் பயன்படுத்தப்போகிற ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள்.

நிறக்குருடு இல்லாதவர்களையும் வானவில் ஏமாற்றும். கருநீலத்தில் தொடங்கி, வெளிர்நீலம், மஞ்சள் வழியாகப் போய் அடர்சிவப்பில் முடிகிறது. வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. நடுவில் வெளிர்நீலமும் மஞ்சளும் பளிச்சென்று அடிக்கின்றன. மலையடிவாரத்திலிருந்து கிழக்கே போகப் போக மழை படிப்படியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் படத்தில் மஞ்சள் தொடங்கும் இடத்தில் ஒரு வரப்பு தெரியும். தரையில் அப்படி ஒரு வரப்பே இருக்காது. அதையே கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் துளி மழை இல்லாத ஊரும் வெள்ளத்தில் மூழ்கிய ஊரும் ஒரே கறுப்பாக வரும். எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தீர்களா?

இந்தத் தப்பு உங்களுடையது மட்டுமில்லை. நீங்கள் உதாரணம் காட்டிய மேட்பிளாட்லிப்பிலேயே இதுதான் டிஃபால்டாக, எதுவும் சொல்லாவிட்டால் தானாக வரும் நிறவரிசையாக, இருந்தது. மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளைப் பார்த்துச் செய்ததால் அங்கிருந்த 'ஜெட்' என்ற வானவில்லும் கூடவே வந்துவிட்டது. மேட்லாப் 2014-இல் அதை டிஃபால்டிலிருந்து நீக்கியது. 2015-இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்த, அறிவியலுக்குப் பைத்தானைப் பயன்படுத்துவோரின் சைபை மாநாட்டில் நத்தானியல் ஸ்மித்தும் ஸ்டெஃபான் வான் டெர் வால்டும் விரிடிஸ் நிறவரிசையை முன்வைத்தார்கள். கருஊதாவில் தொடங்கி, பச்சை வழியாக மஞ்சளுக்கு, வெளிச்சம் படிப்படியாக ஏறும். ஜெராக்ஸிலும் வரிசை கெடாது, தம்பி கண்ணிலும் கெடாது. அது டிஃபால்டானது 2017 ஜனவரியில், 2.0 பதிப்பில். அதாவது முதல் பதிப்பு வந்து பதினான்கு வருடம் கழித்து.

ஏன் இவ்வளவு நாள்? டிஃபால்டை மாற்றினால் உலகம் முழுக்க எல்லோருடைய படமும் மாறும். படத்தைப் படத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் டெஸ்டுகள் வரிசையாக விழும். பழைய தோற்றமே வேண்டும் என்பவர்களுக்காக 'கிளாசிக்' என்று தனியாக ஒரு ஸ்டைலும் வைக்க வேண்டியிருந்தது. உள்ளே விட்டுவிட்ட ஒரு நிறத்தை வெளியேற்ற இவ்வளவு பாடு. உங்களுக்குப் பத்து வரி எழுதியவர் இதைப் பார்த்தவராக இருக்கக்கூடும். வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறார். உங்களுக்கு அது "கூடவா"!

கோபமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. எட்டு மாதம் ராத்திரி உட்கார்ந்து எழுதியதை ஒருவர் கலைக்கச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும், எனக்கும் வலித்திருக்கிறது. கருவி நல்ல கருவியாகத்தான் இருக்கும். பத்து வரி குறை கேட்டு வாங்குகிற நிரல் எல்லோருக்கும் எழுத வருவதில்லை.

ஃபோர்க் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். லைசென்ஸ் அனுமதித்தால் செய்யுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் அங்கேயும் வானவில்லோடுதான் போவேன் என்றால் என்னிடம் சொல்லாமல் போய்விடுங்கள். மாற்றினீர்கள் என்றால் ஒரு மழைப் படத்தை எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வருகிறான். எங்கே மழை அதிகம் என்று அவனிடம் கேட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.